ஒரு லாயத்துக் குதிரைகள்: மோட்டார்ப் பந்தய வரலாற்றில் சகசாரதியர் பகைமை பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுக்களின் வரலாறு எமது கலைப்பீடங்களில் வரலாறாக மதிக்கப்படுவது அரிது. நிலவுடைமை பற்றியும் அரசியற் கட்சிகள் பற்றியும் கட்டுரைகள் இடம்பெறும் ஒரு மலரிலே மோட்டார்ப் பந்தயத்துக்கும் இடம் கேட்பது சிலருக்கு நகைப்பைத் தரவுங் கூடும். ஆயினும் மனிதனது திறமை, அவன் கையாளும் இயந்திரம், அவ்வியந்திரத்துக்கு உடைமையாளராகிய நிறுவனம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று மோதுமாற்றை இத்துணை வெளிப்படையாகக் காட்டும் களம் பிறிதொன்றுண்டோ என்பது ஐயமே. அம்மோதலின் ஒரு கூறு மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றது. ஒரே நிறுவனத்தின் கார்களை ஓட்டும் சாரதியர்க்கிடையே எழும் பகைமையே அது.

உலகச் சாரதியர் சம்பியன் போட்டி 1950 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆந் திகதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் தடத்தில் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டின் பட்டமே சகசாரதியர் இருவர்க்கிடையிலான போட்டியாய் அமைந்தது. அல்பா றோமியோ நிறுவனத்தின் கார்களை ஓட்டிய பாரினா 30 புள்ளிகளும் பான்ஜியோ 27 புள்ளிகளும் பெற்றனர். ஆக, சகசாரதியர் பகைமை இவ்விளையாட்டிற் பிற்காலத்தே புகுந்த சீர்கேடு அன்று; அதனோடு உடன்பிறந்தது.

இதன் காரணம் விளங்கிக்கொள்ள எளிதானது. பந்தயத்தில் ஒரு சாரதி பிறநிறுவனத்துச் சாரதியிடம் தோற்பானாயின், அவனது கார் என்னுடையதினுஞ் சிறந்தது என்று கூறித் தப்பிக்கொள்ளலாம். தன் நிறுவனத்துச் சகசாரதியிடம் தோற்றவனுக்கு அவ்வாறு கூற வழியில்லை. இருவர்க்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டம், ஒரே ரயர். உலகம் முழுவதிலும் அவனை அளக்கக்கூடிய நேர்மையான கோல் ஒன்றே ஒன்றுதான். அக்கோல் அடுத்த கொட்டிலில் நிற்கின்றது. துடுப்பாட்டத்தில் ஆரம்பத் துடுப்பாளர் இருவருக்கிடையே போட்டியும் பொறாமையும் இல்லாமலில்லை. எனினும் இருவர் பெறும் ஓட்டங்களும் ஈற்றில் ஒரே கணக்கிற் சேர்கின்றன. மோட்டார்ப் பந்தயத்திலோ கணக்குகள் இரண்டு. சாரதிக்கு ஒரு பட்டம். 1958 இலிருந்து நிறுவனத்துக்கு வேறொரு கிண்ணம். இவ்விரு கணக்குகளும் ஒன்றாதல் அருமை. இங்கு எழுதப்படுவன யாவும் அவ்விரு கணக்குகளின் கதையே.

பெராரி நிறுவனத்தின் பந்தயப் பிரிவு ‘ஸ்குதேரியா’ என வழங்கும். இத்தாலிய மொழியிலே அதற்கு லாயம் என்பது பொருள். அதன் சின்னமும் துள்ளும் குதிரையே. லாயத்துக் குதிரைகள் தமக்குள் ஓடினும் வெற்றி லாயக்காரனுக்கு உரியது என்னும் எண்ணம் அப்பெயரிலேயே அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

இவ்விளையாட்டைப் பற்றி எழுதுவோரிடையே நிலவும் ஒரு பொதுக்கருத்தை ஈண்டுச் சோதித்தல் தகும். முற்காலச் சாரதியர் பெருந்தகைமை உடையோர். தம் வெற்றியையும் சகசாரதிக்காக விட்டுக்கொடுத்தனர். பணம் புகுந்த பின்னரே தன்னலம் புகுந்தது என்பது அக்கருத்து. அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது 1956 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆந் திகதி இத்தாலியின் மொன்சா தடத்தில் நிகழ்ந்த சம்பவமாகும்.

அவ்வாண்டு பெராரி அணியில் ஆர்ஜன்டீனரான பான்ஜியோ, ஆங்கிலேயரான பீற்றர் கொலின்ஸ், இத்தாலியரான லூயிஜி மூசோ, எயுஜெனியோ கஸ்தெலொத்தி, ஸ்பானியப் பிரபுவான த போர்த்தகோ ஆகியோர் இடம்பெற்றனர். இறுதிப் பந்தயமாகிய மொன்சாவுக்கு வரும்போது பான்ஜியோவிடம் 30 புள்ளிகள் இருந்தன, கொலின்ஸிடம் 22. வெற்றிக்கு 8 புள்ளிகளும் அதிவேகச் சுற்றுக்கு ஒரு புள்ளியும் வழங்கப்பட்டன. எனவே கொலின்ஸ் பந்தயத்தை வென்று அதிவேகச் சுற்றையும் நிகழ்த்தினால் 31 புள்ளிகளுடன் பட்டம் பெறுதல் கூடும். அவருக்கு அப்போது வயது 24. இங்கிலாந்தைச் சேர்ந்த எவரும் அதுவரை உலகப் பட்டம் பெற்றதில்லை.

பந்தயத்தின் நடுவே பான்ஜியோவினது காரின் முன்சில்லைத் திருப்பும் தண்டு முறிந்தது. அவர் தரிப்பிடத்திற் காரின்றி நின்றார். அக்கால விதியின்படி ஒரு சாரதி தன் காரை இன்னொருவனிடங் கையளிக்கலாம். கிடைக்கும் புள்ளிகள் இருவர்க்கும் பகிரப்படும். மூசோ ரயர் மாற்ற வந்தபோது கார் அவரிடங் கேட்கப்பட்டது. அவர் இறங்க மறுத்துத் தடத்துக்குத் திரும்பினார். அடுத்து வந்த கொலின்ஸ் இறங்கித் தம் காரைப் பான்ஜியோவிடம் கொடுத்தார். பான்ஜியோ இரண்டாவதாக வந்தார், பட்டம் அவருக்காயிற்று. தமக்கு இன்னும் காலம் இருக்கின்றது என்பதே கொலின்ஸ் தம் செயலுக்குக் கூறிய விளக்கத்தின் சாரம்.

இச்சம்பவம் சொல்லப்படும்போதெல்லாம் கொலின்ஸ் தம் புள்ளிகளைக் கொடுத்துப் பான்ஜியோவைச் சம்பியனாக்கினார் என்றே சொல்லப்படுகின்றது. கணக்கைப் பார்ப்போமாயின் அது முற்றும் சரியன்று. அவ்வாண்டு ஒவ்வொரு சாரதியினதும் சிறந்த ஐந்து பெறுபேறுகள் மட்டுமே எண்ணப்பட்டன. பான்ஜியோ முன்னரே ஐந்து பந்தயங்களிற் புள்ளிகள் பெற்றிருந்தார். மொன்சாவிற் பகிர்ந்து கிடைத்த 3 புள்ளிகள் அவரது கணக்கிற் சேரவேயில்லை. 30 உடன் வந்தார்; 30 உடனேயே சம்பியனானார். எனவே கொலின்ஸ் கொடுத்தது புள்ளிகளை அன்று. தமது உரிமைக் கோரிக்கையையே அவர் கைவிட்டார். முன்னணியில் நின்ற மொஸ்ஸுக்கு இறுதிக் கட்டத்தில் எரிபொருள் தீரும் நிலை வந்ததையும், மூசோவின் கார் முடிவுக்கு மூன்று சுற்றுகள் இருக்கையிற் பழுதுற்று நின்றதையும், பான்ஜியோ கொலின்ஸின் காரில் மொஸ்ஸுக்குச் சில விநாடிகளே பின்தங்கி வந்ததையும் நோக்கின், கைவிடப்பட்ட அக்கோரிக்கை வெறுங்கனவு அன்று என்பது புலப்படும்.

இன்னுமொன்றும் மறக்கப்படுகின்றது. அவ்வாண்டு பெராரி அணியிற் கார் கைமாறியது அது முதற்றடவை அன்று. ஆர்ஜன்டீனாவில் பான்ஜியோவின் கார் பழுதுற்றபோது தம் காரை ஈந்தவர் மூசோவே. அவ்வெற்றி இருவர் பெயரிலும் பதிவாயிற்று. மொனாக்கோவில் கொலின்ஸின் கார் பான்ஜியோவிடஞ் சென்றது. பிரித்தானியப் பந்தயத்தில் கொலின்ஸின் கார் பழுதுற்றபோது த போர்த்தகோவின் கார் கொலின்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. கொலின்ஸின் 22 புள்ளிகளுள் 3 அவ்வாறு வந்தவை. போர்த்தகோவிடமிருந்து கொலின்ஸுக்கும், கொலின்ஸிடமிருந்தும் மூசோவிடமிருந்தும் பான்ஜியோவுக்குமாகக் கார்கள் மேனோக்கிச் சென்றன. பெருந்தகைமை என நாம் போற்றுவது அந்த லாயத்தின் படிநிலை ஒழுங்காகவும் இருந்தது. கொலின்ஸின் செயலை இதனாற் சிறுமைப்படுத்துதல் எமது நோக்கமன்று. மொன்சாவில் அவரை எவரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டு, தன் நாட்டு மக்கள் முன்னிலையில் இரண்டாம் முறை கொடுக்க மறுத்த மூசோவை வரலாறு ஏன் பழியோடு நினைவுகூர்தல் வேண்டும்? அவர் கேட்டது தாம் ஓட்டத்தொடங்கிய காரைத் தாமே ஓட்டி முடிக்கும் உரிமை ஒன்றையே.

அவ்வுரிமையை நாடியவர் மூசோவுக்கு முன்னரும் இருந்தனர். 1951 இல் பிரான்சின் றெயிம்ஸ் தடத்தில் 53 வயதினரான பாஜியோலி தம் அல்பா றோமியோக் காரைப் பான்ஜியோவிடங் கொடுக்குமாறு பணிக்கப்பட்டார். பான்ஜியோ அதில் வென்றார். வெற்றியிற் பாதி பாஜியோலியின் பெயரிலும் எழுதப்பட்டது. அவர் உலகப் பட்டப் பந்தயம் ஒன்றின் மிக மூத்த வெற்றியாளராக இன்றும் பதிவேட்டில் நிற்கின்றார். ஆனால் சினமுற்ற அம்மனிதர் அதன்பின் சம்பியன் பந்தயம் எதிலும் ஓட்டவில்லை. முற்காலம் பற்றிய பொதுக்கருத்தினர் அவர் பெயரை எடுப்பதேயில்லை.

தமக்குக் காலம் இருக்கின்றது என்று கொலின்ஸ் எண்ணியதற்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். கஸ்தெலொத்தி 1957 மார்ச்சில் மொதேனாவிற் பரீட்சார்த்த ஓட்டமொன்றில் இறந்தார். போர்த்தகோ அவ்வாண்டு மே மாதம் இத்தாலியின் நெடுஞ்சாலைப் பந்தயத்தில், வீதியோரம் நின்ற மக்கள் பலரும் உடன்மடிய இறந்தார். 1958 யூலை 6 ஆந் திகதி றெயிம்ஸில், சகசாரதியாகிய மைக் ஹோதோர்னைத் துரத்திச் சென்ற மூசோ தடம்விட்டு வீசப்பட்டு இறந்தார். நெருங்கிய நண்பர்களாகிய ஹோதோர்னும் கொலின்ஸும் பரிசுப் பணத்தைத் தமக்குள் பகிர்வதென உடன்பட்டுத் தம் காதலருக்கெதிராக ஒன்றுசேர்ந்திருந்தனர் என மூசோவின் காதலி பல்லாண்டுகளின் பின் கூறினார். நான்கு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 3 ஆந் திகதி, ஜேர்மனியின் நூர்பேர்க்றிங் தடத்தில் கொலின்ஸ் இறந்தார். அவருக்கு வயது 26. பட்டத்தை ஒரு புள்ளியால் வென்று ஓய்வுபெற்ற ஹோதோர்ன் 1959 சனவரியில் இங்கிலாந்து வீதியொன்றில் தம் சொந்தக் காரில் விபத்துக்குள்ளாகி இறந்தார். 1956 இன் அணியினர் ஐவருள் முதுமை கண்டவர் பான்ஜியோ ஒருவரே. அவர் 1995 வரை வாழ்ந்தார்.

1958 ஆம் ஆண்டு இவ்விளையாட்டின் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பமாகும். காரைக் கைமாற்றிப் பெறும் புள்ளிகள் அவ்வாண்டுடன் ஒழிக்கப்பட்டன. அதே ஆண்டில் உற்பத்தியாளர் கிண்ணம் தொடங்கப்பட்டது. முதற் கிண்ணத்தை வான்வோல் நிறுவனம் வென்றது. சாரதிக்குத் தன் கார்மீது ஒருவகை உரிமையை அளித்த அதே வேளையில், நிறுவனத்துக்குத் தனிக்கணக்கொன்றையும் சட்டம் அளித்துவிட்டது. எனினும் அக்கணக்கில் ஒரு நிறுவனத்தின் கார்களுள் முன்னணியில் வந்த ஒன்றன் புள்ளிகளே நெடுங்காலம் சேர்க்கப்பட்டன. இரண்டாம் காரால் நிறுவனத்துக்குக் கணக்கில் வருவது பெரும்பாலும் எதுவுமில்லை. ஆகவே இரண்டாஞ் சாரதி முதலாமவனுக்குப் பணிதல் இயல்பெனக் கருதப்பட்டது. 1958 இன் இறுதிப் பந்தயத்திற் பில் ஹில் ஹோதோர்னுக்கு வழிவிட்டதும், 1978 இல் லோட்டஸ் அணியின் றொனி பீற்றர்சன் ஒப்பந்தத்தை மதித்து அன்றெற்றியின் பின்னாலேயே ஓடியதும் இவ்வொழுங்கின்பாற் பட்டனவே. பீற்றர்சன் அப்பருவத்திலேயே மொன்சா விபத்தில் உயிர்நீத்தார். 1979 இல் அதே மொன்சாவில் பெராரியின் சாரதி ஜில் வில்னவ் தம் சகசாரதி ஷெக்டரின் பின்னால் இறுதிவரை ஒட்டியே ஓடினார், முந்த முயலவில்லை. ஷெக்டர் சம்பியனானார். அப்பணிவை வில்னவ் தாம் செலுத்திய கடனாகக் கருதினார் என்பது பின்னர் நிகழ்ந்தவற்றாற் புலனாகின்றது.

1979 இலிருந்து உற்பத்தியாளர் கிண்ணத்துக்கு இரு கார்களினதும் புள்ளிகள் எண்ணப்பட்டன. இவ்விதிமாற்றம் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயின் எமது பொருளுக்கு இதுவே திறவுகோல் எனத் துணிந்து கூறலாம். இரண்டாம் கார் விரைந்தோடுவது இப்போது நிறுவனத்துக்கும் ஆதாயமாயிற்று. 1968 தொடக்கம் புகையிலைக் கம்பனிகளின் விளம்பரப் பணமும் கார்களின் மேற்புறத்தைப் பிடித்திருந்தது. இரு வல்லவரை ஒரே அணியில் அமர்த்துதல் செலவுக்கு அஞ்சாத நிறுவனத்துக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

முதற்பயனை 1981 இல் வில்லியம்ஸ் அணி கண்டது. பிறேசில் பந்தயத்தில் முன்னோடிய றொய்ட்மானுக்கு, சகசாரதி ஜோன்ஸை முன்விடுமாறு அறிவித்தற் பலகை மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. றொய்ட்மான் பலகையைப் பொருட்படுத்தாது வென்றார். இருவர்க்குமிடையே இருந்த தொடர்பு அத்துடன் முறிந்தது. பருவ முடிவில் வேறொரு நிறுவனத்துப் பிக்கே 50 புள்ளிகளுடன் சம்பியனானார். றொய்ட்மான் 49, ஜோன்ஸ் 46. உற்பத்தியாளர் கிண்ணமோ வில்லியம்ஸ் நிறுவனத்துக்கே கிடைத்தது.

அடுத்த ஆண்டு இமொலாவில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிகக் கொடிய அத்தியாயமாகும்.

1982 ஏப்ரில் 25 ஆந் திகதி இத்தாலியின் இமொலாத் தடத்தில் 14 கார்களே ஓடின. விதிகள் பற்றிய பிணக்கொன்றினால் ஆங்கில அணிகள் பல பந்தயத்தைப் பகிஷ்கரித்திருந்தன. 60 சுற்றுகளைக் கொண்ட பந்தயத்தில், 44 ஆவது சுற்றில் ஆர்னூவின் றெனோக் கார் விலகியதும் பெராரியின் இரு கார்களும் முதலிரு இடங்களில் தனித்தோடின. ஒன்றில் வில்னவ், மற்றதில் அவ்வணியில் இரண்டாம் ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் டிடியே பிரோனி. எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் தரிப்பிடத்திலிருந்து மெதுவாக ஓடுமாறு பலகை காட்டப்பட்டது. இப்போதுள்ள வரிசையிலேயே முடியுங்கள் என்பது அதன் பொருள் என்று வில்னவ் கொண்டார். மெதுவாக என்றால் மெதுவாக என்பது மட்டுமே பொருள் என்பது பிரோனியின் வாதம். இருவரும் பலமுறை இடம்மாறினர். வில்னவ் முன்னின்ற சுற்றுகள் வேகங்குறைந்தனவாயும், பிரோனி முன்னின்றவை வேகமிகுந்தனவாயும் இருந்தன என்று சுற்றுநேரப் பதிவுகளைக் கொண்டு வில்னவ் பின்னர் காட்டினார். 59 ஆவது சுற்றில் வில்னவ் முன்னால். பகிடியாகவோ கூட்டத்தை மகிழ்விக்கவோ தம் சகசாரதி விளையாடுகின்றார் என்றே அவர் எண்ணியிருந்தார். இறுதிச் சுற்றில், தோசா என்னும் வளைவை அண்மித்தபோது, பிரோனி உட்புறமாய் முந்திச் சென்று வென்றார்.

வெற்றி மேடையில் வில்னவ் நின்ற நிலையைப் புகைப்படங்களிற் காணலாம். முகத்தில் ஓர் அசைவில்லை. இனிப் பிரோனியுடன் பேசுவதில்லை என்று அவர் கூறினார், அதனைக் காப்பாற்றினார். அதற்குப் பதின்மூன்று நாட்களே தேவைப்பட்டன. மே 8 ஆந் திகதி பெல்ஜியத்தின் சொல்டர் தடத்தில், தகுதிகாண் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பிரோனியின் நேரம் வில்னவின் நேரத்தைவிட ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்களவு குறைவாய் இருந்தது. மீண்டும் தடத்துக்குச் சென்ற வில்னவின் கார், மெதுவாகச் சென்றுகொண்டிருந்த மாஸின் காரில் மோதி வானில் எழுந்தது. அன்றிரவு அவர் இறந்தார். வயது 32. அந்தச் சுற்றில் அவர் பிரோனியின் நேரத்தை முறியடிக்க ஓடினாரா, தரிப்பிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாரா என்பதில் இன்றும் கருத்தொருமை இல்லை. எனவே பிரோனியே அவரைக் கொன்றார் என எழுதுவோர் சான்றின் எல்லையைத் தாண்டுகின்றனர். துன்பியல் நாடகத்துக்கு வேண்டிய காரணகாரியத் தொடர்பு வரலாற்றாசிரியனுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

இமொலா பற்றிய என் கருத்தையும் கூறிவிடுகின்றேன். வில்னவ் வஞ்சிக்கப்பட்டார் என்றே நானும் எண்ணுகின்றேன். ஆனால் அவரை வஞ்சித்தது பிரோனி மட்டுமன்று. 1979 இல் அவர் பணிந்தபோது, தம் முறை வரும்போது இன்னொருவர் பணிவார் என்னும் எழுதப்படாத வாக்கொன்றை நம்பினார். அவ்வாக்கு 1956 இன் லாயத்துக்கு உரியது. 1982 இல் இரு கார்களும் கணக்கில் எண்ணப்பட்டன. யார் முதல்வர் என நிறுவனம் வெளிப்படையாய் அறிவிக்கவும் இல்லை. ‘மெதுவாக’ என்னும் ஒற்றைச் சொல்லை இருவரும் வெவ்வேறு காலத்து மொழியில் வாசித்தனர் போலும். எவர் முந்தினாலும் முதலிரு இடங்களின் புள்ளிகள் நிறுவனத்துக்கே சென்றன.

பிரோனியும் தப்பவில்லை. பட்டத்துக்கான வரிசையில் முன்னணியில் இருந்த அவர், ஆகஸ்ட் 7 ஆந் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் தடத்தில், மழைநீர்த் திவலை கண்ணை மறைக்க, அலன் புரோஸ்டின் காரில் மோதினார். இரு கால்களும் சிதைந்தன. பின்னர் அவர் உலகப் பட்டப் பந்தயம் எதிலும் ஓட்டவில்லை. எஞ்சிய பந்தயங்களில் ஓடாமலே அவர் 39 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றார். சம்பியனான கேக்கே றொஸ்பேர்க்குக்கு 44. ஒரு சாரதி இறந்து, மற்றவர் முடமாகிய அவ்வாண்டின் உற்பத்தியாளர் கிண்ணத்தை வென்ற நிறுவனம் பெராரி.

1986 இலும் இதே கணக்கு, நல்லூழாக உயிரிழப்பின்றி, திரும்பிற்று. வில்லியம்ஸ் அணியின் மான்சலும் பிக்கேயும் ஒன்பது வெற்றிகளைத் தமக்குள் பங்கிட்டனர்; இறுதிப் பந்தயத்தில் மான்சலின் ரயர் வெடிக்க, மக்லாரன் அணியின் புரோஸ்ட் 72 புள்ளிகளுடன் சம்பியனானார். மான்சலுக்கு 70, பிக்கேக்கு 69. உற்பத்தியாளர் கிண்ணம் வில்லியம்ஸுக்கு. 1981, 1982, 1986 ஆகிய மூன்றாண்டுகளிலும் வீட்டுக்குட் சண்டையிட்ட சாரதியர் பட்டமிழந்தனர். வீட்டுக்காரர் கிண்ணம் பெற்றார். இம்மூன்றைக் கொண்டு ஒரு நியதி வகுத்தல் அவசரமாகும். எனினும் சண்டையால் நட்டமடைந்தவர் யார் என்பதையாவது அவை காட்டுகின்றன.

புரோஸ்ட், சென்னா ஆகிய இருவரதும் கதை பலராலும் அறியப்பட்டதாதலின் ஈண்டு விரித்தல் வேண்டா. 1988 இல் மக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15 ஐ வென்றது. சென்னா எட்டு, புரோஸ்ட் ஏழு. மொத்தப் புள்ளிகளிற் புரோஸ்ட் 105 உம் சென்னா 94 உம் பெற்றிருந்தும், சிறந்த பதினொரு பெறுபேறுகளே எண்ணப்பட்டமையால் 90 க்கு 87 எனப் பட்டம் சென்னாவுக்காயிற்று. அடுத்த ஆண்டு இமொலாவில், முதல் வளைவை யார் முதலில் அடைகின்றாரோ அவரை மற்றவர் அங்கு முந்துவதில்லை என இருவரும் உடன்பட்டிருந்தனர். மீள்தொடக்கத்தில் முன்சென்ற புரோஸ்டைச் சென்னா முந்தினார். இடம் அதே தோசா வளைவு. ஏழாண்டுகளுக்கு முன் பிரோனி முந்திய அவ்விடத்திலேயே மீண்டும் ஒரு வாய்மொழி ஒப்பந்தம் உடைந்தது தற்செயலே; ஆயினும் குறிப்பிடாதிருக்க முடியவில்லை.

1989 ஒக்டோபர் 22 ஆந் திகதி யப்பானின் சுசூக்காவில் இருவரது கார்களும் ஒன்றோடொன்று மோதி நின்றன. புரோஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா தள்ளிவிடப்பட்டு மீண்டும் ஓடி வென்றார், தடத்தின் ஒரு பகுதியைத் தவறவிட்டாரென நடுவர்கள் அவரைத் தகுதியிழக்கச் செய்தனர், புரோஸ்ட் சம்பியனானார். இதன்பின் நிகழ்ந்ததே எம் பொருளுக்கு முக்கியமானது. அத்தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்தது மக்லாரன் நிறுவனம். அம்மேன்முறையீடு வென்றிருப்பின் பறிபோகக்கூடியது அதே நிறுவனத்தின் இன்னொரு சாரதியாகிய புரோஸ்டின் பட்டமே. ஆனால் அவர் ஏற்கனவே பெராரிக்குச் செல்ல ஒப்பந்தமாகியிருந்தார். கைவிட்டுப்போன பந்தய வெற்றியோ நிறுவனத்தின் சொத்து.

சட்டம் இம்முரண்பாட்டைத் தீர்க்க முயன்றது பிற்காலத்தே. 2002 மே 12 ஆந் திகதி ஒஸ்திரியாவில், வென்றுகொண்டிருந்த பரிக்கெல்லோ முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னர் சுமாக்கருக்கு வழிவிட்டார், பார்வையாளர் கூச்சலிட்டனர். 2003 முதல் அணியின் பணிப்புகள் தடைசெய்யப்பட்டன. 2010 இல் ஜேர்மனியில் மாசா அலொன்சோவுக்கு வழிவிட்டபோது பெராரிக்கு ஒரு இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2011 இல் அத்தடையே நீக்கப்பட்டது. வானொலியிற் சொல்லப்படும் பணிப்பை மறைமொழியாற் சொல்லலாம் என்பதை யாவரும் அறிந்திருந்தனர். இடையே 2007 இல் மக்லாரன் அணியின் ஹமில்டனும் அலொன்சோவும் தலா 109 புள்ளிகள் பெற, 110 புள்ளிகளுடன் றைக்கோனன் சம்பியனானமை பழைய பாடத்தின் மறுபதிப்பேயாகும்.

பிரோனி 1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைற் தீவுக்கருகே விசைப்படகுப் பந்தயமொன்றில் இறந்தார். அவர் இறந்த பின்னர், 1988 இல், அவருக்கு இரட்டை ஆண்குழந்தைகள் பிறந்தன. ஒருவனுக்குத் தந்தையின் பெயராகிய டிடியே என்பதையும், மற்றவனுக்கு ஜில் என்பதையும் தாய் இட்டார். அக்குழந்தைகளுள் இளமையில் வில்னவின் பெயர் தாங்கியவர் வளர்ந்து பொறியியலாளராகி மேர்சிடிஸ் அணியிற் சேர்ந்தார். ஹமில்டனும் நிக்கோ றொஸ்பேர்க்கும் மூன்றாண்டுகள் தமக்குள் பொருதிய அணி அது. 2020 ஆகஸ்ட் 2 ஆந் திகதி, 1950 இல் முதற் பந்தயம் நடந்த அதே சில்வர்ஸ்டனில் ஹமில்டன் வென்றபோது, நிறுவனத்துக்குரிய கிண்ணத்தைப் பெற்றுக்கொள்ள மேடையேறியவர் ஜில் பிரோனி.